புரையேறினால் யாரோ நினைக்கிறார்களா?

"இருமல் எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார் குழந்தைகள் மருத்துவர்.

"பத்து நாளாச்சு டாக்டர்" என்றாள் பாப்பாவின் அம்மா.

"அது சரிம்மா. முதல் இருமல் எப்ப வந்துச்சு? தூங்குறப்பவா, விளையாடுறப்பவா, ஏதாவது சாப்பிடுறப்பவா?"

அவளுக்குத் தெரியாது. பகல் முழுக்க அவள் அலுவலகத்தில் இருப்பவள். கணவனுக்கும் தெரியாது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வெந்நீர் ஃபிளாஸ்க்கும் மாற்றுத்துணியும் வைத்த கூடையைப் பிடித்தபடி கதவோரம் நின்றிருந்தார் அப்பாயி. டாக்டர் ஒரு கேள்வி கேட்டால் நாலு பதில் சொல்கிறவர், அன்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாப்பாவுக்கு அப்போது 14 மாதம்.

திருச்சி உறையூரில் உள்ள அந்த வீட்டில் சம்பளம் இரண்டு பேருடையது. சமையலும் குழந்தையும் அப்பாயி பொறுப்பு. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மருமகளுக்குச் சட்டப்படி 26 வாரம் பேறுகால விடுப்பு. 2017-ல் சட்டத்தைத் திருத்தி, 12 வாரத்தை 26 ஆக உயர்த்தினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் திட உணவு தொடங்க வேண்டும். அதாவது, சோறு ஊட்ட ஆள் வேண்டிய அதே நேரத்தில் அம்மா பஸ் ஏறிவிடுகிறாள். பிரசவத்துக்கு முன்பே இரண்டு வாரம் விடுப்பு எடுத்துவிட்டதால், இவள் பாப்பாவின் ஐந்தரை மாதத்திலேயே வேலைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று.

அந்த இடைப்பட்ட நாட்களைச் சமாளித்ததில் அப்பாயியின் கைதான் பெரிய கை. மருமகள் அதிகாலையில் பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாள். அதை வெந்நீரில் வைத்துக் குளிர் போக்கி, பாலாடையில் ஊற்றி, உதட்டோரமாகச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார் அப்பாயி. பால்புட்டி வாங்கலாம் என்று மகன் சொன்னபோது, "அதோட ரப்பரை யாரு ஒழுங்கா கழுவுவா? வயித்தால போகும்" என்று ஒரே போடாகப் போட்டார். மருத்துவர்கள் சொல்வதும் அதையேதான். புட்டியின் மூலைமுடுக்கில் தங்கும் பால் கிருமிக்குத் தோதான இடம். பாலாடையையோ கழுவுவது எளிது, கொதிநீரில் போடுவது அதைவிட எளிது. பால்புட்டிக்கும் தாய்ப்பாலுக்கு மாற்றான டப்பா பாலுக்கும் விளம்பரமே செய்யக்கூடாது என்று 1992-ல் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. அப்பாயிக்கு அந்தச் சட்டம் தெரியாது. ரப்பரின் வாடை தெரியும்.

பிரச்னை தேனில் ஆரம்பித்தது.

பாப்பா பிறந்த அன்றே அப்பாயி சேனை தொட்டு வைக்க ஆசைப்பட்டார். சர்க்கரைத் தண்ணியைக் குழந்தையின் நாக்கில் வைத்தால், வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. வார்டு நர்ஸ் விடவில்லை. முதல் நாளில் சுரக்கும் சீம்பால் தவிர வேறெதுவும் உள்ளே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பாயிக்கு அது மனத்தாங்கல். ஏழாம் மாதத்தில், பேச்சு நன்றாக வரட்டும் என்று, ஒருநாள் விரலில் தேனைத் தொட்டு நாக்கில் தடவிவிட்டார். அன்று பார்த்து மருமகள் அரை நாள் லீவில் வீட்டுக்கு வந்தாள்.

"ஒரு வயசு வரைக்கும் தேன் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? படிக்காதவங்ககிட்ட பிள்ளைய விட்டுட்டுப் போறது என் தப்பு!"

பாட்டிலை எடுத்துக் குப்பைத்தொட்டியில் வீசினாள். அவள் சொன்ன விஷயம் முழுக்க உண்மை. தேனில் சில நேரம் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர்கள் வயிற்றில் அது ஒன்றும் செய்யாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் மட்டும் அது முளைத்து நஞ்சைக் கக்கும். கைகால் துவளும், மூச்சுத் தசையே செயலிழக்கலாம். அரிதான நோய், ஆனால் ஆபத்தானது. காய்ச்சினாலும் அந்த வித்து லேசில் சாகாது. ஆகவே தேன் குப்பைக்குப் போனது சரி. 'படிக்காதவங்க' என்ற சொல் போகவில்லை. அது வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் தொங்கியது. எத்தனை மணிக்கு என்ன, எத்தனை கரண்டி, என்னவெல்லாம் கூடாது. உப்பு, சர்க்கரை ஒரு வயது வரை வேண்டாம். பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்காதே, அதில் இரும்புச்சத்து குறைவு. எழுதியதில் ஒரு வரி தப்பில்லை. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே விசாரணை தொடங்கும். "காலைல என்ன குடுத்தீங்க அத்தை? முழுசா சாப்பிட்டாளா?" அப்பாயி தினமும் ஒரே பதில் சொல்லப் பழகிக்கொண்டார். "எல்லாம் நல்லாத்தான் சாப்டுச்சு."

நல்லா சாப்பிடவில்லை. அது அப்பாயிக்கும் பாப்பாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். கேழ்வரகுக் கூழ் தொண்டையில் சிக்குமோ என்ற பயத்தில், அதைத் தண்ணீராகக் கரைத்துக்கொண்டிருந்தார் அப்பாயி. குழந்தையின் வயிறு சின்னது. அதில் பருப்புத் தண்ணியும் கஞ்சித் தண்ணியும் நிரம்பினால் சத்துக்கு இடமேது? கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதத்தில் இருக்க வேண்டும். காலையில் மொத்தமாகக் காய்ச்சி மாலை வரை அதையே கொடுப்பதும் நடந்தது. திருச்சி வெயிலில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருப்பது நல்லதல்ல. பாப்பா வாயை இறுக மூடிக்கொண்ட நாட்களில், தாத்தாவின் செல்போன் கைகொடுத்தது. பாட்டு ஓடும், பாப்பா வாய் பிளந்து பார்க்கும், கரண்டி உள்ளே போகும். ருசி, மணம், பசி, நிறைவு எதுவும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-லேயே சொல்லிவிட்டார்கள். எத்தனை வீடுகள் கேட்டன?

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தாத்தா ஒரு பொட்டலம் வறுகடலை வாங்கி வந்தார். பாயில் உட்கார்ந்து கொறித்தார். இரண்டொன்று சிந்தியது. பாப்பா அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தது. போனைப் பார்த்தபடியே நடந்து வந்து, குனிந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டது. அப்பாயி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று இருமல். முகம் செக்கச் செவேலென்று ஆனது, கண்ணில் நீர், ஒரு கணம் உதடு கறுத்தது போலவும் இருந்தது. அப்பாயி ஓடிப்போய்த் தூக்கி உச்சந்தலையில் தட்டினார். ஊதினார். "யாரோ நினைக்கிறாங்கடி தங்கம். உங்கம்மாதான் ஆபீஸ்ல நினைக்கிறா."

கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றுவிட்டது. பாப்பா சிரித்தது. தாத்தா மிச்சக் கடலையை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மருமககிட்ட சொல்ல வேணாம்" என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே இருவருக்கும் புரிந்தது.

இந்த விஷயத்தில் எல்லாரும் ஏமாறும் இடம் இதுதான். மூச்சுக்குழாயில் போன பொருள் கீழே இறங்கி ஒரு கிளையில் உட்கார்ந்துவிட்டால், இருமல் அடங்கிவிடும். குழந்தை விளையாடும், பால் குடிக்கும், தூங்கும். போய்விட்டது என்று வீடு நிம்மதி அடையும். உள்ளே கடலை ஈரத்தில் ஊறி உப்பும். அதன் எண்ணெய், குழாயின் உட்சுவரை உறுத்திப் புண்ணாக்கும். இரண்டொரு நாளில் மறுபடி இருமல், இளைப்பு, சில நேரம் காய்ச்சல். பார்ப்பவர்களுக்குச் சளி மாதிரியே இருக்கும்.

பாப்பாவுக்கும் அப்படியே நடந்தது. அப்பாயி கற்பூரவல்லிச் சாறு கொடுத்தார். தெரு முனை கிளினிக்கில் சிரப் கொடுத்தார்கள். இளைப்பு வந்ததும் மூக்கில் முகமூடி வைத்துப் புகை பிடிக்க வைத்தார்கள். இரண்டு நாள் தேவலை, மூன்றாம் நாள் பழையபடி. பத்தாம் நாள்தான் இந்த டாக்டரிடம் வந்தார்கள். அவர் ஸ்டெதாஸ்கோப்பை இடது பக்கம் வைத்தார், வலது பக்கம் வைத்தார், மறுபடி இடது பக்கம் வைத்தார். சளி என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சத்தம் இருக்கும். இங்கே வலது பக்கம் மட்டும் காற்று குறைவாகப் போய்வந்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கூடையைக் கீழே வைத்தார் அப்பாயி.

"கடலைங்க டாக்டரம்மா. போன வாரத்துக்கு மொத வாரம், செவ்வாக்கெழம சாயங்காலம். நான்தான் கவனிக்கல."

மருமகள் வாயைத் திறந்தாள். டாக்டர் அவளைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார். பிறகு அப்பாயி பக்கம் திரும்பி, "நல்லவேளை சொன்னீங்கம்மா. கடலை எக்ஸ்ரேல தெரியாது. நீங்க சொல்லலைன்னா இன்னும் பத்து நாள் சளிக்கே மருந்து குடுத்துட்டு இருந்திருப்போம்" என்றார்.

எக்ஸ்ரேயில் கடலை தெரியவில்லைதான். வலது நுரையீரல் மட்டும் காற்றடைத்துப் புடைத்திருந்தது. போன காற்று வெளியே வர முடியாமல் சிக்கியிருந்தது. அன்றிரவே பெரிய மருத்துவமனை. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து எடுத்தார்கள். வெளியே வந்த மருத்துவர் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை நீட்டினார். அதில் அரைக் கடலை. ஒரு பருப்பைப் பிளந்தால் வருமே, அதில் ஒரு பாதி. தாத்தா அதைப் பார்த்துவிட்டு வராந்தா முனைக்குப் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு நர்ஸ் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். குழந்தை சத்தமாக இருமினால், அழுதால், இரும விடுங்கள். இருமலைவிட நல்ல வைத்தியம் அந்த நேரத்தில் இல்லை. தலையில் தட்டுவதால் ஒன்றும் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்க வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே தள்ளிவிடும். தண்ணீரும் வாழைப்பழமும் கொடுக்காதீர்கள். சத்தமே வரவில்லை, அழ முடியவில்லை, நிறம் மாறுகிறது என்றால்தான் உடனே இறங்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லையா, மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதைத் தாண்டியிருந்தால் முதுகில் ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே கைமுஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து. பக்கத்தில் இருப்பவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். நினைவு தப்பினால் நெஞ்சை அழுத்தி உயிர்மூச்சு முதலுதவி தொடங்க வேண்டும்.

மகனும் மருமகளும் ஒரு தடவை செய்து பார்த்தார்கள். அப்பாயி ஐந்து தடவை செய்தார்.

"மூச்சுக்குழாய் இவ்வளவுதான் இருக்கும்" என்று நர்ஸ் பாப்பாவின் சுண்டுவிரலைத் தொட்டுக் காட்டினார். அரைக்கும் கடைவாய்ப் பல் முழுதாக வந்திருக்காத வயது. கடலை, முந்திரி, பாப்கார்ன், பட்டாணி, முழுக் கொண்டைக்கடலை, தேங்காய்ச் சில்லு, பச்சைக் கேரட் துண்டு, சப்போட்டா விதை, சீத்தாப்பழ விதை. உருண்டையும் கடினமுமாக எது கையில் கிடைத்தாலும் ஒரு கணம் யோசிக்க வேண்டும். முழுக் கொட்டைகளை நாலு வயதுக்கு மேல்தான் தர வேண்டும். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுக்கலாம். கடலையின் மேல் குற்றமில்லை. மாவாகப் பொடித்துக் கூழிலோ சாதத்திலோ கலந்தால் அது அருமையான உணவு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அசல் சிக்கல். அப்பாயி பாப்பாவுக்கு ஊட்ட மாட்டேன் என்றுவிட்டார். சண்டை போடவில்லை, அழவில்லை. கிண்ணத்தைக் கொண்டுபோனாலே எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். மருமகள் எடுத்த ஒரு வார லீவு முடியப்போகிறது. நாலாம் நாள் ராத்திரி, "முசிறிக்குப் போய் எந் தம்பி வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன். புள்ளையப் பாத்துக்க ஆள் வச்சுக்கங்க" என்றார்.

மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"நான் கத்துவேன்னுதானே அத்தை நீங்க அன்னிக்குச் சொல்லல?"

மழுப்பலான பதில் ஒன்றை அவள் எதிர்பார்த்திருக்கலாம். அப்பாயி, "ஆமா" என்றார். "படிக்காதவன்னுட்டியே. இதையும் சொன்னா புள்ளையக் கையிலேயே குடுக்க மாட்டேன்னு நெனச்சேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. மருமகள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தாள். கிழித்ததில் ஒரு மூலை பசையோடு ஒட்டிக்கொண்டது. அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

மிச்சமிருந்த மூன்று நாளும் இருவரும் சேர்ந்தே ஊட்டினார்கள். ஊட்டினார்கள் என்பதுகூடச் சரியில்லை. டாக்டர் சொல்லியிருந்தார்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு, எவ்வளவு என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். கூடத்தில் சுவரோரமாகப் பாய் விரித்து, பாப்பாவை நிமிர்ந்து உட்கார வைத்து, முன்னால் ஒரு தட்டு. சோப்புப் போட்டுக் கழுவிய கை, பெரியவர்களுக்கும் சேர்த்து. நடந்துகொண்டே, படுத்துக்கொண்டே, சிரிக்க வைத்துக்கொண்டே ஊட்டுவது கிடையாது. தாத்தாவின் போன் அலமாரி மேல்தட்டுக்கு ஏறியது.

போன் இல்லாமல் முதல் நாள் பாப்பா தட்டைத் தள்ளிவிட்டது. இரண்டாம் நாள் அழுகையோ அழுகை. மொத்தம் மூன்று வாய். எடை குறைந்துவிடுமே என்று மகன் தவித்தான். "பசிச்சா திங்கும்" என்றார் அப்பாயி. அவருக்கு மறுபடி குரல் வந்திருந்தது. மூன்றாம் நாள் ஜன்னல் கம்பியில் ஒரு காக்கா வந்து உட்கார, அதற்கு ஒரு பருக்கை, பாப்பாவுக்கு ஒரு வாய் என்று கதை தொடங்கியது. போன் வருவதற்கு முன் அந்த வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டது அப்படித்தான். காக்காவைப் பார்த்தாலும் சோற்றைப் பார்க்கும். போனைப் பார்த்தால் வேறெதையும் பார்க்காது.

கூழின் பதம் மாறியது. மசித்த பருப்புச் சாதத்தில் முருங்கைக்கீரையும் அரைக் கரண்டி நெய்யும். வேகவைத்த முட்டை, மஞ்சள் கரு வெள்ளைக் கரு இரண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் ஒரு துண்டு, நன்றாக வேகவைத்து நைய மசித்தது. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஒரு வேளைக்கு முக்கால் டம்ளர், போகப்போக ஒரு டம்ளர் அளவு. நாளைக்கு மூன்று நாலு வேளை. இடையில் பழமோ இட்லித் துண்டோ. தாய்ப்பால் காலையும் இரவும் தொடர்ந்தது. இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவுப் பொட்டலத்தை அதுவரை அந்த வீட்டில் யாரும் போய் வாங்கியதில்லை. அப்பாயி போய் வாங்கி வந்தார். அப்படியே எடையும் பார்த்துவிட்டு வந்தார்.

வறுகடலையை அப்பாயியே அம்மியில் வைத்து மாவாகப் பொடித்தார். பொடித்ததை மெல்லிய சல்லடையில் சலித்து, மேலே நின்ற குருணையைத் தாத்தாவிடம் நீட்டினார். தாத்தா இப்போது கடலை தின்பது தெருத் திண்ணையில்தான். உள்ளே வருமுன் வேட்டியை உதறிக்கொண்டு வருகிறார்.

மருமகள் மதியம் ஒரு மணிக்கு போன் செய்வாள். முன்பும் செய்தவள்தான். அப்போதெல்லாம் "எல்லாம் நல்லாத்தான் சாப்டுச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். போன வாரம் ஒருநாள் அப்பாயி சொன்னது இது:

"இன்னிக்கு ரெண்டு வாய்தாம்மா. முட்டையைத் துப்பிடுச்சு. அப்புறம் ஒண்ணு, காலைல உன் நைட்டி பொத்தானை வாயில போட்டுச்சு. பாத்துட்டேன், நாக்கு மேலயே இருந்துச்சு, எடுத்துட்டேன். இருமல் இல்ல, ஒண்ணும் இல்ல. சொல்லிட்டேன், ஆமா."

எதிர்முனையில் ஒரு வினாடி சத்தம் இல்லை.

"சரிங்கத்தை. அந்த நைட்டிய நான் வந்து தச்சுக்கறேன். முட்டைய ராத்திரி தோசைல கலந்து பாப்போமா?"